வெயிலில் இளகாத மூன்று இனிப்புகள்: விடுமுறை பார்பிகியூவுக்கு, முதல்முறை செய்பவர்களுக்கு

ஆகஸ்ட் 31 தேசிய தினம், அடுத்த இரண்டு வாரத்தில் செப்டம்பர் 16 மலேசியா தினம். இதற்கிடையில் பினாங்கில் யாராவது ஒருவர் வீட்டு வாசலிலோ கடற்கரையிலோ கரி அடுப்பு மூட்டாமல் இருக்கமாட்டார்கள். கோழிக்கும் மீனுக்கும் மசாலா தடவ ஆள் நிறைய இருக்கும். "நீ இனிப்பு மட்டும் கொண்டு வந்துடு" என்கிற வேலை மட்டும் எப்போதும் இப்போதுதான் சமைக்கத் தொடங்கியவர் கையில் வந்து சேரும். இந்த வருடம் அது என் தங்கைக்கு வந்தது. அவளுக்கு வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகக் குரல் பதிவு அனுப்பியதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன், 20 பேருக்குப் போதுமான அளவுகளோடு.

செய்முறைக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுத் தட்டு புட்டிங் வீணானது. சில வருடங்களுக்கு முன் பத்து பெரிங்கி கடற்கரைக்கு எல்லோரும் போனபோது ஜெலட்டின் போட்டு மாம்பழப் புட்டிங் செய்து எடுத்துப் போனேன். வீட்டில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தபோது கண்ணாடி மாதிரி நின்றது, மதியம் மூன்று மணிக்கு மூடியைத் திறந்தால் மாம்பழ ஜூஸ். அன்று 32 டிகிரி இருந்திருக்கும். ஜெலட்டின் 30 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும், அதனால்தான் அது வாயில் போட்டதும் கரைகிறது, அதனால்தான் நம் ஊர் வெயிலில் நிற்பதும் இல்லை. அதைவிட எனக்கு வருத்தமாக இருந்தது வேறொன்று. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் முஸ்லிம் அம்மா) ஒரு கிண்ணம் கையில் எடுத்துவிட்டு, "இதில் என்ன ஜெலட்டின்?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஜெலட்டின் என்பது மாடு, பன்றி இவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. மக்சிக் சாப்பிட முடியாது, மாட்டிறைச்சி சாப்பிடாத எங்கள் அத்தையும் சாப்பிட முடியாது, சைவக்காரர்கள் யாருமே சாப்பிட முடியாது. எல்லோரும் சேர்ந்து உட்காரும் இடத்துக்குப் பாதிப் பேர் தொட முடியாத இனிப்பைக் கொண்டு போயிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அதிலிருந்து நான் கொண்டு போவது இந்த மூன்றுதான். ஜெலட்டின், முட்டை, பால், கிரீம் எதுவும் இல்லை, ஓவனும் வேண்டாம்.

அகர் அகர், ஒரே ஊற்றில் இரண்டு அடுக்கு

முதல்முறை செய்பவர் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். அகர் அகர் கடற்பாசியிலிருந்து வருவது, சுமார் 35 முதல் 40 டிகிரிக்குள் உறைந்துவிடும், மறுபடி உருக வேண்டுமானால் சுமார் 85 டிகிரி சூடு வேண்டும். பினாங்கு வெயில் அதை ஒன்றும் செய்ய முடியாது. கூட்டத்துக்கு எடுத்துப் போக இதைவிட நம்பகமான பொருள் எனக்குத் தெரியவில்லை.

வேண்டியவை: அகர் அகர் தூள் 10 கிராம், தண்ணீர் 700 மில்லி, குலா மலாக்கா (தென்னை வெல்லம்) 200 கிராம், சீனி 50 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 400 மில்லி, பாண்டான் இலை நான்கு, உப்பு அரைத் தேக்கரண்டி. 9 அங்குலச் சதுரத் தட்டு ஒன்று.

குலா மலாக்கா வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். தென்னம்பாளையிலிருந்து இறக்கிய பதநீரைக் காய்ச்சி எடுப்பதால் நல்லதில் லேசான புகை வாசமும் கருகின சர்க்கரை வாசமும் சேர்ந்து வரும். கல் மாதிரி கடினமாக, வெறும் இனிப்பு மட்டும் இருந்தால் சீனி நிறையக் கலந்திருக்கிறார்கள் என்று பொருள். இந்த இனிப்பில் ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது, அங்கே இரண்டு வெள்ளி மிச்சம் பிடிக்காதீர்கள். தேங்காய்ப்பால் பாசாரில் கண்முன்னே துருவிப் பிழிந்து தருவார்கள், அது கிடைத்தால் நல்லது, ஆனால் வாங்கின அன்றே அடுப்பில் ஏறியாக வேண்டும். இல்லையென்றால் 200 மில்லி பாக்கெட் இரண்டு போதும், அதில் குறை ஒன்றும் இல்லை.

முதல் வேலை, ஒரு சின்னப் பாத்திரத்தில் 200 மில்லி தண்ணீர், குலா மலாக்கா, இரண்டு பாண்டான் இலை போட்டு மெல்லிய தீயில் கரைத்து, கட்டாயம் வடிகட்டி வையுங்கள். அடியில் மண்ணும் நாரும் தங்கியிருப்பதைப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று தெரியும்.

அடுத்து, பெரிய பாத்திரத்தில் மீதி 500 மில்லி தண்ணீரைப் பச்சையாக ஊற்றி அதில் அகர் அகர் தூளைத் தூவிக் கலக்கி ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் தூளைக் கொட்டினால் கட்டி தட்டிவிடும், அப்புறம் என்ன கிளறினாலும் கரையாது. ஊறிய பிறகு மீதிப் பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு உள்ளே போட்டு, கிளறிக்கொண்டே கொதிக்க வையுங்கள். கொதி வந்தபின் இன்னும் மூன்று நான்கு நிமிடம். கரண்டியில் எடுத்துப் பார்த்தால் ஒரு துகள்கூட மிதக்கக் கூடாது. புதியவர்கள் தவறுவது இங்கேதான், தண்ணீர் கொதித்ததுமே ஆகிவிட்டது என்று நினைத்துச் சீனியைப் போட்டுவிடுகிறார்கள். சீனி முதலில் போனால் அகர் சரியாகக் கரையாது, மறுநாள் தட்டு தொளதொளவென்று இருக்கும். துகள் மறைந்த பிறகுதான் சீனி, அதற்குப் பிறகு வடிகட்டிய குலா மலாக்கா.

இப்போது தீயைக் குறைத்து தேங்காய்ப்பாலையும் உப்பையும் சேருங்கள். உப்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லாமல் தேங்காய்ப்பால் சப்பென்று இருக்கும். பாத்திரத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். தளதளவென்று கொதிக்க விட்டால் பால் திரிந்து எண்ணெய் பிரியும்.

ஒரு துளியைச் சில்லென்ற தட்டில் விட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் உறைந்து விரலால் தள்ளினால் நகர்ந்தால் சரி. உறையவில்லையா, பதற்றம் வேண்டாம், இன்னும் இரண்டு மூன்று கிராம் தூளை வேறு பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரில் முழுக்கக் கரைய காய்ச்சி இதில் ஊற்றிக்கொள்ளலாம். அகர் அகரில் எனக்குப் பிடித்ததே இந்தப் பெருந்தன்மைதான், உறைந்த பிறகுகூடச் சூடாக்கி உருக்கித் திருப்பி ஊற்ற முடியும்.

தட்டைக் குழாய்த் தண்ணீரில் அலசி, துடைக்காமல், ஈரத்தோடு வைத்து, கலவையைச் சூடு ஆறும் முன் ஊற்றுங்கள். மேலே நுரை இருந்தால் கரண்டியால் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு தட்டைத் தொடவே கூடாது. தேங்காய்ப்பாலின் கொழுப்பு தானாக மேலே ஏறும், கீழே பழுப்பு நிறத்தில் தெளிந்து நிற்கும், நீங்கள் ஒன்றும் செய்யாமலே இரண்டு அடுக்கு வந்துவிடும். முதன்முதலில் வெட்டி அந்தக் கோட்டைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் தனி. அடுக்கு வேண்டாம், ஒரே நிறமாக வேண்டும் என்றால் கொஞ்சம் ஆறும் வரை கிளறிவிட்டு ஊற்றுங்கள்.

வெளியிலேயே ஒரு மணி நேரத்தில் உறையும். அதன்பின் இரவு முழுக்க ஃபிரிட்ஜில். அவசரத்துக்கு ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே ஐஸ் பிடித்து, இளகியதும் பஞ்சு மாதிரி ஆகிவிடும், தயவுசெய்து வேண்டாம். வெட்டிய அகர் அகர் தண்ணீர் விடும் என்பதால் தட்டோடு எடுத்துப் போய் அங்கேயே வெட்டுங்கள்.

ஜவ்வரிசி குலா மலாக்கா

இதை அன்று காலையில் செய்ய வேண்டும், முந்தைய நாள் செய்து ஃபிரிட்ஜில் வைத்தால் ஜவ்வரிசி இறுகிப்போகும்.

300 கிராம் சின்ன ஜவ்வரிசிக்குக் குறைந்தது மூன்று லிட்டர் தண்ணீர். பாயசத்துக்கு ஊறவைத்துப் பழகியவர்கள் இங்கே ஊறவைக்காதீர்கள், மாவாகக் கரைந்துவிடும். தண்ணீர் நன்றாகக் கொதிக்கும்போது ஜவ்வரிசியைத் தூவி, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே பத்து நிமிடம் வேகவிடுங்கள். முத்தின் நடுவில் வெள்ளைப் புள்ளி இன்னும் தெரியும். அடுப்பை அணைத்து மூடி பத்து நிமிடம் அப்படியே விட்டால் அந்தப் புள்ளியும் மறையும். சல்லடையில் கொட்டி, குழாய்த் தண்ணீரை மேலே விட்டுக் கையால் அலசுங்கள், வழவழப்பு போகும் வரை. நன்றாக வடித்து, சின்னக் கிண்ணங்களில் அழுத்தி வைத்தால் கவிழ்க்கும்போது அழகாக விழும்.

பாகுக்கு 300 கிராம் குலா மலாக்கா, 150 மில்லி தண்ணீர், பாண்டான், மேலே சொன்ன மாதிரியே கரைத்து வடிகட்டுங்கள். 400 மில்லி தேங்காய்ப்பாலில் அரைத் தேக்கரண்டி உப்பும் ஒரு பாண்டான் இலையும் போட்டுக் கொதிக்காமல் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

ஜவ்வரிசி, பாகு, பால் மூன்றும் தனித்தனியாகப் போகட்டும், சாப்பிடும் நேரத்தில் அவரவர் கிண்ணத்தில் அவரவர் ஊற்றிக்கொள்ளட்டும். சர்க்கரை குறைக்க வேண்டிய பெரியவர்கள் பாகைக் குறைத்துக்கொள்ளலாம், பிள்ளைகள் எப்படியும் குளம் கட்டிக்கொள்வார்கள். பால் பாட்டிலை மட்டும் ஐஸ் பெட்டியில், ஐஸ்கட்டிக்கு நடுவில் புதைத்து வையுங்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த எதுவும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரியைத் தாண்டிய மதியம் என்றால் ஒரு மணி நேரம். அகர் அகருக்கும் இதே கணக்குதான். அது உருகாது, ஆனால் உள்ளே இருக்கும் பால் கெட்டுப்போகும். பாதித் தட்டை வெளியில் வையுங்கள், தீர்ந்ததும் மீதி.

அன்னாசியும் வாழைப்பழமும், கடைசிக் கரியில்

கோழி முடிந்த பிறகும் அடுப்பில் ஒரு மணி நேரத்துக்குச் சூடு இருக்கும். தைப்பிங் பக்கம் கோலா செபத்தாங்கில் பக்காவ் (சதுப்புநில) மரத்தைச் சூளையில் சுட்டு எடுக்கிற கரி கிடைத்தால் இன்னும் நல்லது, புகை குறைவு, நின்று எரியும். கரியின் மேல் வெள்ளைச் சாம்பல் பூத்து, தீ நாக்கு அடங்கியிருக்க வேண்டும், அதுதான் பழத்துக்கான நேரம்.

கோழிக் கொழுப்பு படிந்த அதே கம்பிவலையில் பழத்தை வைக்காதீர்கள். வாசம் கலக்கும், சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் ஆகாது. தனி வலை ஒன்று எடுத்துப் போங்கள்.

இரண்டு பழுத்த அன்னாசியைத் தோல் சீவி, கண்ணெடுத்து, விரல் தடிமனில் நீட்டு நீட்டாக வெட்டி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். நாக்கு அரிப்பு குறையும், இனிப்பும் தூக்கலாகத் தெரியும். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறிய மூங்கில் குச்சியில் குத்தி, ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். கோடு விழுந்த பிறகு கடைசி ஒரு நிமிடத்தில்தான் மேலே குலா மலாக்கா பாகைத் தடவ வேண்டும், முன்னாலேயே தடவினால் பாகு கருகிக் கசக்கும். இறக்கியதும் ஜாதிக்காயைக் கொஞ்சம் துருவிப் போடுங்கள். பாலேக் பூலாவில் ஜாதிக்காய் விளைகிற தீவில் இருந்துகொண்டு அதை வெறும் ஊறுகாயாகவும் ஜூஸாகவும் மட்டும் பார்ப்பது எனக்கு மனசுக்கு ஆகவில்லை. சூடான அன்னாசியின் மேல் அந்த வாசம் எழும்போது ஆட்கள் தானாக அடுப்பைச் சுற்றி வந்து நிற்பார்கள்.

வாழைப்பழத்துக்கு உரிக்கவே வேண்டாம். பீசாங் ராஜா, தோலில் கரும்புள்ளி விழுந்த பழமாகப் பார்த்து, நீளவாக்கில் ஒரு கீறல் மட்டும் போட்டு, கீறல் மேலே இருக்கும்படி வலையில் வையுங்கள். எட்டுப் பத்து நிமிடத்தில் தோல் முழுக்கக் கறுத்து, கீறலில் சாறு குமிழ்விடும். பிளந்து, துருவிய தேங்காயில் ஒரு சிட்டிகை உப்புக் கலந்து மேலே தூவி, தோலையே தட்டாக வைத்துக் கரண்டியோடு கொடுங்கள். உள்ளே பழம் ரொம்பச் சூடாக இருக்கும், பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் ஆறவைத்துத் தாருங்கள்.

கடற்கரையில் செய்தீர்கள் என்றால், கிளம்பும் முன் கரியை மணலில் புதைத்துவிட்டுப் போகாதீர்கள். மணலுக்கு அடியில் வெகு நேரம் கனன்றுகொண்டிருக்கும், மேலே ஒன்றும் தெரியாது, வெறுங்காலோடு ஓடி வருகிற பிள்ளை மிதித்துவிடும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சீறும் சத்தம் அடங்கும் வரை கிளறி, தகர டப்பாவில் அள்ளி வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.