தொண்டைப் புற்றுநோய்: ரோபோவா, திறந்த அறுவையா? முடிவெடுக்கும் முன்

ரோபோ தானாக எதையும் வெட்டாது. சற்றுத் தள்ளி உட்கார்ந்து, முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி அதன் கைகளை இயக்குபவர் மருத்துவர்தான். கழுத்தையோ தாடையையோ பிளக்காமல், வாய் வழியாகவே டான்சிலையும் அடிநாக்கையும் எட்ட முடிகிறது என்பதே இதன் பலம். 4 செ.மீ.க்கு மேற்படாத, டி1, டி2 எனக் குறிக்கப்படும் சிறிய கட்டிகளுக்கு இம்முறையை அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான எஃப்டிஏ 2009-ல் அனுமதித்தது. குரல்வளைப் புற்று வேறு கணக்கு. அங்கே ஆரம்பக் கட்டத்துக்கு லேசரோ ரேடியேஷனோதான் பெரும்பாலும் வழி.

பயாப்சி, ஸ்கேன் முடிவுகளோடு போய் முதலில் கேளுங்கள்: "வாய் வழியாகக் கட்டி முழுவதும் தெரிகிறதா? சுற்றிலும் நல்ல திசுவோடு சேர்த்து எடுக்க முடியுமா?" வாய் சரியாகத் திறக்காவிட்டாலோ, கட்டி தாடை எலும்பில் ஏறியிருந்தாலோ, கழுத்துத் தமனி டான்சிலுக்குப் பின்னால் வளைந்து ஓடினாலோ ரோபோ ஒத்துவராது. அப்போது கீழுதட்டையும் தாடையையும் பிளந்து, பிறகு தகடு வைத்து இணைக்கும் திறந்த முறை தேவைப்படலாம். மூச்சுக்குத் தற்காலிகமாகக் கழுத்தில் துளை, கை அல்லது தொடையிலிருந்து ஒட்டுத்திசு, நீண்ட தேறுதல் எல்லாம் அதில் உண்டு. பழைய முறை என்று ஒதுக்காதீர்கள். ஓரத்தில் புற்றை விட்டுவைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ரோபோ என்றால் வெளியே தழும்பே இராது என்பதும் தவறு. நிணநீர் முடிச்சுகளை எடுக்கக் கழுத்தில் கீறல் பெரும்பாலும் வேண்டியிருக்கும். முடிச்சின் உறையைத் தாண்டிப் புற்று பரவியது ஸ்கேனிலேயே தெரிந்தால், அறுவைக்குப் பிறகும் கீமோவும் ரேடியேஷனும் தேவைப்படும். மூன்றின் பக்கவிளைவுகளையும் சுமப்பதைவிட, அறுவை இல்லாமல் அவ்விரண்டோடு தொடங்கலாமா என்று கட்டாயம் கேளுங்கள்.

வீடு திரும்பியபின் கவனிக்க வேண்டியது ரத்தக்கசிவு. வாய் வழி அறுவையில் புண் தைக்கப்படாமல் தானாக ஆறுகிறது. மேல்படலம் உதிரும் நாட்களில், குறிப்பாக இரண்டாவது வாரத்தில், ரத்தம் வரலாம். சில துளி வந்து நின்றாலும் "நின்றுவிட்டதே" என்று இருந்துவிடாதீர்கள். பெருங்கசிவுக்கு அதுவே முன்னறிகுறியாக இருக்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்து, ரத்தத்தை விழுங்காமல் துப்பிக்கொண்டே உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஆபத்தைக் குறைக்க, கழுத்து அறுவையின்போதே அப்பகுதித் தமனிக் கிளைகளைக் கட்டிவிடுவார்களா என்றும், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்றும் முன்பே கேட்டு எழுதி வையுங்கள்.

விழுங்கும் பயிற்சியை அறுவைக்கு முன்பே தொடங்குங்கள். உணவு செலுத்தும் மூக்கு டியூப் இருக்கும் நாட்களிலும், மருத்துவர் அனுமதித்த அளவுக்கு அதை விடாதீர்கள்.