ரோலர் டிலேட் துப்பாக்கியும் வித்தியாசமான காலிபரும்: நம்ம பசங்க தப்பா புரிஞ்சுக்கிற விஷயங்கள்

டெல்லில இருக்கற நம்ம தமிழ் பசங்க, குறிப்பா ஓக்லா பக்கம் லேத், சிஎன்சின்னு வேல பாக்கறவங்க, அமெரிக்காக்காரங்க எம்பி5ங்கற ஜெர்மன் சப்மெஷின் கன் மாதிரி துப்பாக்கிய புதுப்புது காலிபர்ல (தோட்டா அளவுல) செஞ்சு காட்டற வீடியோவ பாத்துட்டு "பேரல மட்டும் மாத்துனா போதும்ல"ன்னு கேக்கறாங்க. போதாது. அதவிட பெரிய தப்பு சட்டத்துல இருக்கு, அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல, உள்ள ரோலர், அதாவது குட்டி உருளை இருந்தாலே எல்லாம் ஒரே டைப்னு நினைக்கறத விடுங்க. ஜெர்மனியோட எம்ஜி42 மெஷின் கன்லயும் ரோலர் இருக்கு, ஆனா அதுல பேரலே கொஞ்சம் பின்னால நகரும், அதுவரைக்கும் ரோலர் போல்ட்ட (பேரலோட பின்பக்கத்த மூடற இரும்புத் துண்டு) முழுசா பூட்டியே வச்சிருக்கும். ஜி3 ரைஃபிள், எம்பி5 ரெண்டுலயும் பேரல் அசையவே அசையாது, போல்ட் எப்பவுமே முழுசா பூட்டறதும் கிடையாது, ரோலர் அது திறக்கறத தாமதப்படுத்தும், அவ்ளோதான், இதுதான் ரோலர் டிலேட். இந்த ஐடியா போர் முடியற நேரத்துல, 1945 வாக்குல மவுசர் கம்பெனில எஸ்டிஜி 45ங்கற ரைஃபிளா உருவாச்சு, அங்க வேல பாத்த லுட்விக் ஃபோர்கிரிம்லர் பிரான்ஸ் போயி, அங்கேர்ந்து ஸ்பெயின் போயி செட்மே ரைஃபிள டெவலப் பண்ணாரு, அதுலேர்ந்து வந்த ஜி3ய 1959ல ஜெர்மன் ராணுவம் எடுத்துக்கிச்சு. எம்பி5 அதோட 9 எம்எம் வாரிசு, மானேசர்ல இருக்கற என்எஸ்ஜி கமாண்டோக்கள் கையில நீங்க பாத்திருப்பீங்க.

இப்ப காலிபர் விஷயம். இங்கதான் நல்லா படிச்ச பசங்களே சறுக்கறாங்க. இந்த போல்ட் ரெண்டு துண்டு, முன்னால தல, பின்னால கேரியர். தோட்டா வெடிக்கும்போது தல பின்னால வரப் பாக்கும், ஆனா ரெண்டு பக்கமும் ரோலர் பள்ளத்துல உக்காந்திருக்கு, அத உள்ள நசுக்கி நடுவுல இருக்கற லாக்கிங் பீஸ்ஸ தள்ளி, கேரியர தலைய விட பல மடங்கு வேகமா பின்னால அனுப்பினாத்தான் தல நகர முடியும், அந்த தாமதத்துக்குள்ள குண்டு பேரல விட்டு வெளிய போயி பிரஷர் எறங்கிடணும். ஆக பள்ளத்தோட சாய்வு, லாக்கிங் பீஸ் கோணம், கேரியர் எடை, ஸ்பிரிங், பேரல் நீளம் எல்லாம் ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்காக சேத்து கணக்கு போட்டது. ஒண்ண தொட்டா மத்ததெல்லாம் கலையும். அதே 9 எம்எம்லயே, பேரல் குட்டியா இருக்கற எம்பி5கேவுக்கும் சைலன்சர் வச்ச எஸ்டிக்கும் லாக்கிங் பீஸ் கோணம் வேற வேற, அப்போ காலிபரே மாறினா என்ன ஆகும்னு யோசிங்க.

தப்பான கணக்குல போல்ட் சீக்கிரம் திறந்தா, தோட்டாவோட பித்தள கேஸ் பிரஷரோட வெளிய வந்து கிழியும், அது நடக்கறது சுடறவன் கன்னத்துக்கு பக்கத்துல. இன்னொண்ணு, இந்த வகைல கேஸ் முழு பிரஷர்ல இருக்கும்போதே நகர ஆரம்பிக்குது, அதனால தோட்டா உக்கார்ற சேம்பர் சுவத்துல நீளவாக்குல காடி வெட்டியிருப்பாங்க, கேஸ் ஒட்டாம வாயுல மிதந்து வரும்னு. ஜி3ல சுட்டு விழுந்த கேஸ்ல கருப்பு கோடு கோடா இருக்கறது அதனாலதான். "நாலு ரவுண்டு நல்லா ஓடுச்சு, அப்போ சரிதான்"ங்கறது ரொம்ப ஆபத்தான முடிவு, ஏன்னா ரோலர் தேயத் தேய போல்ட் கேப் (தலைக்கும் கேரியருக்கும் நடுவுல இருக்கற இடைவெளி) மாறிட்டே போகும், ராணுவத்துல துப்பாக்கிய பராமரிக்கற ஆர்மரர்கள் அத தவறாம அளந்து பாக்கறதே அதுக்குத்தான்.

அடுத்து சட்டம். அமெரிக்கால சட்டப்படி ரிசீவர், அதாவது போல்ட்ட தாங்கற உடல் பாகம்தான் துப்பாக்கி, பேரல், ஸ்டாக் எல்லாம் பொதுவா வெறும் பார்ட்ஸ், கடைல வாங்கலாம். நம்ம 1959 ஆயுதச் சட்டத்துல ஆயுதம்ங்கறதுக்கான விளக்கத்துலயே அதோட பாகங்களும் வருது, அத செய்யற மெஷினும் வருது. சும்மா பேரல் மட்டும்தான கடைஞ்சேன்னு சொல்லி தப்பிக்க முடியாது. லைசென்ஸ் இல்லாம தயாரிச்சா 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம். வீட்ல வச்சிருக்க கிடைச்ச லைசென்ஸ் தயாரிக்கவோ மாத்தவோ செல்லாது, தயவுசெஞ்சு இத குழப்பிக்காதீங்க.

"வித்தியாசமான காலிபர்னா ராணுவ தோட்டா தடைல வராதே"ன்னு ஒரு லாஜிக் சுத்துது. நம்ம ஊர்ல .315 ரைஃபிளும் .32 ரிவால்வரும் இவ்ளோ சகஜமா இருக்கறதுக்கு காரணமே .303, 7.62, 9 எம்எம் மாதிரி ராணுவ தோட்டா சாதாரண ஆளுக்கு கிடையாதுங்கறதுதான், அது உண்ம. ஆனா விதில செமி ஆட்டோமேட்டிக்கே தனியா கட்டுப்பாட்டுல இருக்கு, காலிபர மாத்தி அதுலேர்ந்து நழுவ முடியாது.

மெக்கானிசம் மேல நிஜமாவே ஆச இருந்தா கம்ப்யூட்டர்ல மாடல் போட்டு ரோலர் எப்படி நகருதுன்னு அனிமேட் பண்ணி பாருங்க, அதுலயே நிறைய புரியும். சுடணும்னா துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்ச் இருக்கு, 1982 ஏசியாட்டுக்கு கட்டினது, 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல ஆரம்பிக்கலாம். 4.5 எம்எம், 20 ஜூல் வரைக்கும் உள்ள ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம், ஆனா பவர் பத்தலன்னு ஸ்பிரிங்க மாத்தி 20 ஜூல தாண்டிட்டீங்கன்னா அதுக்கும் லைசென்ஸ் வேணும், வாங்கறப்பவே பில்லையும் ஜூல் அளவையும் கேட்டு வாங்கி வச்சுக்கோங்க.