துக்க வீட்டில் ஒரு நாயைச் சேர்த்துக்கொள்வது எப்படி

போன ஆடியில் என் வீட்டுக்காரி தவறிப்போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறிய பிறகு, செல்லூர் வீட்டில் நானும் சுவர்க்கடிகாரமும்தான். அவள் மீன் கழுவும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்கும் செவலை நாய் மட்டும் வழக்கம்போல வந்தது. அவன்தான் மணி.

என்னைப் போல இருப்பவர்கள் அவசரப்பட்டுக் குட்டி வாங்காதீர்கள். ராத்திரியெல்லாம் கத்தும், நமக்கே தூக்கம் கிடையாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் ஓட இடம் கேட்கும் சாதி, சந்து வீட்டுக்குச் சரிப்படாது. உங்களை முன்பே தெரிந்த, வளர்ந்த தெருநாய் போதும்.

பழக்குவதற்கு, நேருக்கு நேர் நிற்காமல் கொஞ்சம் திரும்பித் தரையில் உட்காருங்கள். கண்ணை உற்றுப் பார்க்க வேண்டாம். எடுத்தவுடன் தலையில் கை வைக்காதீர்கள். தானாக வந்து கையை மோந்த பிறகு நெஞ்சுப் பக்கம் தடவுங்கள். மணிக்குப் பதினொரு நாள் பிடித்தது. நான் வேறு எங்கே போகப்போகிறேன், உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஊசி. அரசு கால்நடை மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடுத்தது எப்போது என்று கேட்டு எழுதிவையுங்கள். பல்லோ நகமோ பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு அப்பாதீர்கள். ‘நம்ம நாய்தானே’ என்றும் விடாதீர்கள்.

சோற்றில் முட்டை பிசைந்து வைக்கலாம். குழம்பு வேண்டாம், வெங்காயம் நாய்க்கு விஷம். வெந்த கோழி எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். தெரியாமல் போட்டுவிட்டு ஒரு ராத்திரி முழுக்க அவன் வயிற்றைப் பார்த்தபடி விழித்திருந்தேன்.

காலை ஐந்தரைக்கு ஈர மூக்கால் உள்ளங்காலில் முட்டுவான். எழுந்திருக்காமல் இருக்க முடியாது. வைகைக் கரை வரை நடப்போம். என்னிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்ட டீக்கடைக்காரர், “அண்ணே, பய சாப்பிட்டானா?” என்று ஆரம்பித்தார். இப்போது அரைமணி நேரம் பேசுகிறோம். வெயில் ஏறிவிட்டால் கூட்டிப்போகாதீர்கள். தார் ரோட்டில் புறங்கையை ஏழு வினாடி வைக்க முடியாவிட்டால் அவன் பாதமும் தாங்காது.

சாயங்காலம் அவளுடைய அரிவாள்மனையைப் போட்டு உட்காருவேன். மணி எதிரே படுத்து கேரட் துண்டுக்குக் காத்திருப்பான். வெங்காயம் அரியும்போது மட்டும் திண்ணைக்கு அனுப்பிவிடுகிறேன். அங்கிருந்தே எட்டி எட்டிப் பார்ப்பான்.