டிராக்கில் முதல் நாள்: பிரேக்கைத் தயார் செய்வதும் மிதிப்பதும்

சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சொந்தக் காரை ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் பலர், முதலில் பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் பெரிய காலிபர் இவற்றுக்குத்தான் விலை கேட்கிறார்கள். அதற்கு இப்போது அவசரமில்லை. அழுத்தி மிதித்தால் ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்து பெடல் துடிக்கிறதா? அப்படியென்றால் பிரேக்குக்குப் போதிய பலம் இருக்கிறது. அதற்கு மேல் டயரின் பிடிதான் கணக்கு. டிராக்கில் பிரேக்கைக் கெடுப்பது சூடு. 100 கி.மீ. வேகத்தில் இருப்பதைப் போல 140-இல் இயக்க ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதில் பெரும்பகுதி டிஸ்கில்தான் சூடாக இறங்கும்.

படி 1: பிரேக் ஆயில்

பெயர்தான் ஆயில், உண்மையில் இது ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 தரத்தின்படி புது திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியதற்கு வெறும் 155. கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகி, பெடல் மெத்தென்று தரைவரை போய்விடும். அதனால் டிராக் நாளுக்கு முன், சீல் உடைக்காத டப்பாவிலிருந்து டாட் 4 அல்லது 5.1 மாற்றுங்கள். ஒரு லிட்டர் தாராளம். டாட் 5 சிலிக்கான் வகை, அதைத் தொடாதீர்கள். ஏர் எடுக்கும்போது (குழாயில் உள்ள பழைய திரவத்தையும் காற்றையும் வெளியேற்றும்போது) பானட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் குறையவே விடக்கூடாது. ஒருமுறை காற்று புகுந்தால் முதலிலிருந்து செய்யவேண்டும்.

படி 2: பேட்

டிஸ்கில் உரசி வண்டியை நிறுத்துவது பேட். பாதி தேய்ந்த பேடோடு போகாதீர்கள். மெலிந்த பேட் சூட்டைக் காலிபருக்கும் திரவத்துக்கும் சீக்கிரம் கடத்திவிடும். பேட் தோற்பதன் அடையாளம் வேறு: பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. டிராக்குக்கென்று செய்த பேடைப் பின்பக்கம் மட்டும் போட்டால் பின்சக்கரம் முதலில் லாக் ஆகி வண்டி சுழலும். புது பேடைப் பழக்க, தயாரிப்பாளர் வேறு முறை சொல்லாவிட்டால், ஆளில்லாத இடத்தில் 80-இலிருந்து 20-க்கு எட்டுப் பத்து முறை குறையுங்கள். முழுதாக நிறுத்தாதீர்கள். பிறகு பிரேக் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள்.

படி 3: கால்

புதியவர்கள் மெதுவாகத் தொடங்கி, வளைவு நெருங்கியதும் பயந்து ஓங்கி மிதிப்பார்கள். இது தலைகீழ். வண்டி நேராக இருக்கும்போதே அழுத்துங்கள். முதல் நொடிக்குள் முழு அழுத்தமும் வந்துவிடவேண்டும், ஆனால் உதைக்கக்கூடாது. எடை முன்டயரில் இறங்கிய பிறகுதான் அதற்கு முழுப் பிடி கிடைக்கும். வேகம் குறையக் குறைய காலைத் தளர்த்திக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். முதலில் சீக்கிரமாகவே மிதியுங்கள்; கை பழகியபின் சுற்றுக்கு ஐந்து மீட்டராகத் தள்ளிப்போடலாம். லேசாக வெகுநேரம் அழுத்துவது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். கிட்டத்தட்ட அதே சூடுதான் பிறக்கும், ஆறும் நேரம்தான் குறையும்.

படி 4: ஆறவிடுதல்

நான்கைந்து சுற்றுக்குப் பின் ஒரு சுற்று பிரேக்கை அதிகம் தொடாமல் வாருங்கள். பிட்டில் (டிராக் ஓரம் வண்டி நிறுத்தும் இடம்) ஹேண்ட்பிரேக் வேண்டாம், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சூடான பேட் அழுந்தியபடி நின்றால் டிஸ்கில் ஒட்டி, அடுத்த முறை ஸ்டியரிங் உதறும்.

இவ்வளவும் செய்தும் ஐந்தாவது சுற்றில் பிரேக் தளர்ந்தால், முன்பம்பரிலிருந்து டிஸ்குக்குக் காற்றுக் குழாய் இழுங்கள். கனமான டிஸ்க் அதற்கும் பிறகுதான். துளையிட்டது வேண்டாம், துளை ஓரங்களில் விரிசல் விடும். சாதா டிஸ்கே போதும்.