கடைவாசலில் தொங்கும் அட்டைப்படங்கள்: கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முறை

பள்ளி விட்டு வரும் பிள்ளை கடலை மிட்டாய் வாங்க நிற்கும் பெட்டிக்கடையில், மிட்டாய் பாட்டிலுக்கு நேர் மேலே, கயிற்றில் கிளிப் போட்டு வார இதழ்கள் தொங்குகின்றன. அவற்றுள் சில, பெண்ணின் உடலைக் காட்டியே விற்பனை ஆகின்றவை. வயது வந்த ஒருவர் அவற்றைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பது அவருடைய விருப்பம். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் தெருவில் போகிற எல்லாருடைய கண்ணிலும் படும்படி, அதுவும் சிறுபிள்ளையின் பார்வை விழும் உயரத்தில், அவற்றைத் தொங்கவிடுவது தவறு என்று உறுதியாக நம்புகிறேன். காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர்ப் பக்கங்களில் இதைக் கடைக்காரர்களிடம் கேட்டுப் பெற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பேசுவதற்கு முன் பார்க்க வேண்டும். கடைக்கு எதிரே நின்று, முதல் வகுப்புப் பிள்ளையின் கண்மட்டமான ஏறத்தாழ மூன்றரை அடி உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். நாம் நிமிர்ந்து நிற்கும்போது கண்ணில் படாதவை அப்போது முகத்துக்கு நேரே வந்து நிற்கும். எந்த இதழ்கள் உறுத்துகின்றன என்பதை அங்கேயே பிரித்துக்கொள்ளுங்கள். நடிகையின் படம் இருப்பதாலேயே ஓர் அட்டை ஆபாசமாகிவிடாது. கேரளத்தில் 2018ஆம் ஆண்டு, குழந்தைக்குப் பாலூட்டும் பெண்ணின் படத்தை அட்டையில் வெளியிட்ட ஒரு மலையாள இதழுக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டபோது, அதில் ஆபாசம் எதுவும் இல்லை என்றே உயர் நீதிமன்றம் கூறியது. மருத்துவ இதழையும் பாலியல் கல்வி நூலையும் சேர்த்து எதிர்ப்பவருடைய பேச்சைக் கடைக்காரர் காதில் வாங்க மாட்டார், வாங்கவும் வேண்டியதில்லை. முகமே இல்லாமல் உடலை மட்டும் காட்டி, கீழே கள்ளக்காதல் தலைப்பைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் அட்டைகளே நம் கவலை.

சட்டத்தையும் ஓரளவு அறிந்து வைத்திருப்பது நல்லது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 294ஆம் பிரிவு ஆபாச வெளியீடுகளை விற்பதையும், 295ஆம் பிரிவு அவற்றைப் பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு விற்பதையும் குற்றமாக்குகின்றன. பெண்களை இழிவாகச் சித்திரிக்கும் வெளியீடுகளுக்கென்று 1986ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் இருக்கிறது. உள்ளே என்ன அச்சிட்டிருக்கிறது என்று தமக்குத் தெரியாது என்பது விற்பவரைக் காப்பாற்றப் போதாது என்பதை, பம்பாய்ப் புத்தகக் கடைக்காரர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1964இலேயே தெளிவாக்கிவிட்டது. அதே நீதிமன்றம் 2014இல், ஆடையில்லாத படம் என்பதற்காக மட்டும் ஒன்றை ஆபாசம் என்று கொள்ள முடியாது, அது வெளியான சூழலையும் சமகாலச் சமூகத்தின் அளவுகோலையும் பார்க்க வேண்டும் என்றது. நாளிதழ்களில் வரும் பாலியல் படங்களிலிருந்து சிறுவர்களைக் காக்கும்படி கோரிய மனுவையும், முழுத்தடை வயது வந்தோரின் உரிமையைப் பறிக்கும் என்ற கவலையோடு 2006இல் அது தள்ளுபடி செய்தது. ஆகவே கயிற்றில் தொங்கும் பெரும்பாலான இதழ்களைச் சட்டத்தைக் காட்டி அகற்ற இயலாது. வேண்டுகோளே நம் கையில் உள்ள கருவி.

அந்த வேண்டுகோளை வைப்பதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். மாலை வியாபார நேரத்தில், நாலு பேர் நிற்கும்போது, ஒரு கடைக்காரரிடம் கோபமாகக் கேட்டுவிட்டேன். "ஆச்சி, நாங்களா படம் போடுறோம்? கட்டுல வர்றதத் தொங்கவிடுறோம்" என்றார் அவர், முகம் சிவந்து. பலர் முன்னிலையில் அவரைத் தலைகுனிய வைத்தது என் பிழை. பத்து நாள் கழித்து, கடையில் ஆளில்லாத மதிய வேளையில் போய், முதலில் வருத்தம் தெரிவித்துவிட்டு, "தம்பி, எடுக்கச் சொல்லல, இடத்த மட்டும் மாத்துங்க" என்று கேட்டேன். அன்றைக்கே இரண்டு இதழ்கள் கயிற்றிலிருந்து இறங்கிக் கல்லாவுக்குப் பின்னால் போயின.

ஆகவே கேட்பதைச் சிறிதாகவும் செய்யக்கூடியதாகவும் வையுங்கள். அந்த இதழ்களைக் கடைக்குள், வாங்குபவர் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் இடத்தில் வைக்கலாம். அதற்கு இடமில்லையென்றால், ஒன்றின்மேல் ஒன்றாக இதழின் பெயர் மட்டும் தெரியும்படி அடுக்கலாம். காக்கித்தாளில் உறை போட்டுக் கொடுப்பதும் எளிதுதான். இங்கிலாந்தில் ஒரு பெரிய கூட்டுறவுக் கடை நிறுவனம், 2013இல், ஆண்களுக்கான சில இதழ்களை அட்டை தெரியாத உறையில் அனுப்பினால்தான் விற்போம் என்று பதிப்பாளர்களுக்குக் கெடு வைத்தது. பள்ளிச் சீருடையில் வருகிறவர்களுக்கு விற்க வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். இதை மறுத்த கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

"இப்போது எல்லாம் கைப்பேசியில்தானே பார்க்கிறார்கள்" என்று சிலர் மறுப்பார்கள். கைப்பேசி ஒருவர் கையில் இருப்பது. அதைத் திறப்பதும் மூடுவதும் அவர் பாடு. கயிற்றில் தொங்குவது தெருவுக்கே பொது. பால் பாக்கெட் வாங்க வரும் பெண் அதன்முன் நின்று சில்லறைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சங்கடத்தைப் பெண்களே நேரில் சொல்லும்போது கடைக்காரர்கள் கேட்கிறார்கள்.

வருமானத்தையும் நாம் மறக்கக் கூடாது. ஓர் இதழுக்குக் கிடைக்கும் கமிஷன் சில ரூபாய்தான் என்றாலும் பெட்டிக்கடைக்கு அது காசு. ஒரு கடை மட்டும் மாறினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற அச்சமும் நியாயமானதே. அதனால் ஒரே தெருவின் கடைகளை ஒன்றாகப் பேச வையுங்கள். வணிகர் சங்கம் இருந்தால் அதன் வழியாகப் போங்கள். பேருந்து நிலையத்தில் உள்ளாட்சி அமைப்பு ஏலம் விட்ட கடைகளாக இருந்தால், காட்சிப்படுத்தும் முறை பற்றி அந்த அலுவலகத்துக்கு எழுத்தில் மனுக் கொடுக்கலாம். இதழ்களைக் கிழிப்பதும், கடையைப் படமெடுத்துப் பரப்புவதும், மிரட்டுவதும் கூடவே கூடாது. சிறுவர்களுக்கு அப்பட்டமான ஆபாச நூல் விற்பது தெரிந்தால் மட்டும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.

இது இதழ்களை வெறுக்கும் மண் அன்று. தமிழறிஞர் இராய. சொக்கலிங்கம் காரைக்குடியிலிருந்து 'ஊழியன்' இதழை நடத்தினார். கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு பழைய இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் சேர்த்தவற்றைக் கொண்டு 1994இல் சென்னையில் எழுந்த ஆராய்ச்சி நூலகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. எனவே காலியான கிளிப்பில் ஒரு சிறுவர் இதழையோ இலக்கிய இதழையோ மாட்டச் சொல்லுங்கள். சொன்னவர்களே வாரந்தோறும் அதை வாங்கவும் வேண்டும். இல்லையென்றால் விற்காமல் திரும்பும் கட்டின் இழப்பு கடைக்காரர் தலையில்தான் விழும்.

பத்து நாள் கழித்து மறுபடியும் போய்ப் பாருங்கள். காலையில் புதுக் கட்டைப் பிரித்துத் தொங்கவிடுவது பெரும்பாலும் கடையில் வேலை பார்க்கும் பையன். அவனுக்கு இந்தப் பேச்சு எதுவும் தெரிந்திருக்காது, பழக்கத்தில் பழைய இடத்திலேயே மாட்டியிருப்பான். அவனிடமும் ஒருமுறை அமைதியாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.