ஒரே ஈஎஸ்பி32 போர்டில் மூன்று ஃபர்ம்வேர்: மெனு வைத்து மாற்றி ஓட்டும் முறை

கடிகாரம் ஒன்று, வெப்பநிலை பார்க்கும் வெப்சர்வர் ஒன்று, சின்ன கேம் ஒன்று. மூன்றையும் ஒரே ஸ்கெட்ச்சுக்குள் (அர்டுயினோவில் எழுதும் ப்ரோகிராம்) திணித்தால் லைப்ரரிகள் ஒன்றோடொன்று மோதும், ராமும் போதாது. தனித்தனி ஃபர்ம்வேராகவே (சிப்பில் ஓடும் ப்ரோகிராம்) ஃபிளாஷில் (பவர் போனாலும் அழியாத நினைவகம்) வைத்துவிட்டு, பட்டனை அழுத்தித் தேர்ந்தெடுப்பதுதான் சுத்தமான வழி. ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும் என்பதால் முழு ராமும் அதற்கே கிடைக்கும். எஸ்டி கார்டோ வேறு சிப்போ வேண்டாம். வயர் இல்லாமல் அப்டேட் செய்வதற்காக ஈஎஸ்பி32 என்ற வைஃபை மைக்ரோகன்ட்ரோலரில் ஏற்கெனவே இருக்கும் ஓடிஏ ஏற்பாடே இதற்குப் போதும்.

தேவையானவை: 4 எம்பி ஃபிளாஷ் உள்ள ஈஎஸ்பி32 வ்ரூம் டெவ்போர்டு, 128×64 ஓலெட் டிஸ்ப்ளே, இரண்டு பட்டன். டிஸ்ப்ளேயின் எஸ்டிஏ (டேட்டா வயர்) 21-ஆம் பின்னிலும் எஸ்சிஎல் (கிளாக் வயர்) 22-இலும் இருக்கட்டும். பட்டன்களை 32, 33 பின்களிலிருந்து கிரவுண்டுக்குக் கொடுத்து, உள் புல்-அப்பை (பட்டன் அழுத்தாதபோது பின்னை உயர் நிலையில் வைக்கும் ரெசிஸ்டர்) ஆன் செய்யுங்கள். 34 முதல் 39 வரையுள்ள பின்களில் உள் புல்-அப் கிடையாது. 12-ஆம் பின்னைத் தொடவே வேண்டாம்: பூட் ஆகும் நேரத்தில் அது உயர்ந்திருந்தால் ஃபிளாஷ் வோல்டேஜ் தவறாக அமைந்து போர்டு எழும்பாது.

எதை ஓட்டுவது என்று பூட்லோடர் (போர்டு எழும்போது முதலில் ஓடும் சின்ன ப்ரோகிராம்) எப்படி முடிவு செய்கிறது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது. ஓடிஏ-டேட்டா என்ற 8 கேபி பகுதியில் 4096 பைட் கொண்ட இரண்டு செக்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை எண்ணும் அதற்கான சிஆர்சியும் (எண் கெடவில்லை என்று சரிபார்க்கும் மதிப்பு) இருக்கும். செல்லுபடியாகும் எண்களில் பெரியதை எடுத்து, ஒன்றைக் கழித்து, ஸ்லாட்களின் (ஆப் வைக்கும் ஓடிஏ பகுதிகள்) எண்ணிக்கையால் வகுத்த மீதிதான் ஓட வேண்டிய ஸ்லாட். இரண்டு செக்டரும் காலியாக இருந்தால் ஃபேக்டரி பகுதி ஓடும். ஆகவே மெனு காட்டும் லாஞ்சரை ஃபேக்டரியிலும் ஆப்களை ஓடிஏ ஸ்லாட்களிலும் வைக்கிறோம்.

4 எம்பிக்கான பங்கீடு இது:

என்விஎஸ் (செட்டிங் சேமிக்கும் பகுதி): 36 கேபியில் தொடக்கம், அளவு 20 கேபி
ஓடிஏ-டேட்டா: 56-இல், 8 கேபி
ஃபேக்டரி: 64-இல், 448 கேபி
ஓடிஏ-0: 512-இல், 1152 கேபி
ஓடிஏ-1: 1664-இல், 1152 கேபி
ஓடிஏ-2: 2816-இல், 1152 கேபி
ஸ்பிஃப்ஸ் (ஃபைல்கள் வைக்கும் பகுதி): 3968-இல், 128 கேபி

ஆப் பகுதிகள் எல்லாம் 64 கேபியின் மடங்கில்தான் தொடங்க வேண்டும். ஸ்லாட் எண்கள் பூஜ்யத்திலிருந்து இடைவெளி இல்லாமல் வர வேண்டும். 0-க்கு அடுத்து 2 என்று போட்டால் மேலே சொன்ன வகுத்தல் கணக்கு உதைக்கும். வைஃபை உள்ள சாதாரண ஸ்கெட்ச் 1152 கேபியில் அடங்கும். வைஃபையும் ப்ளூடூத்தும் சேர்ந்தால் பெரும்பாலும் அடங்காது. அப்படிப்பட்ட ஆப் வேண்டுமானால் 8 அல்லது 16 எம்பி போர்டு வாங்குவதே நல்லது.

இந்தப் பங்கீட்டை பார்ட்டிஷன்ஸ் என்ற சிஎஸ்வி ஃபைலாக எழுதி லாஞ்சர் ஸ்கெட்ச்சின் ஃபோல்டரில் போடுங்கள். அர்டுயினோ தானாகவே எடுத்துக்கொள்ளும். அப்லோட் செய்யும்போது அர்டுயினோ 64 கேபியில் ஸ்கெட்ச்சையும், 56 கேபியில் பூட்-ஆப்-0 என்ற சின்ன ஃபைலையும் எழுதும். அதனால்தான் அந்த இரண்டு இடங்களையும் மாற்றக் கூடாது. அந்தச் சின்ன ஃபைல் செய்யும் வேலை, ஓடிஏ-0-வை ஓட்டு என்று குறித்து வைப்பது. எனவே லாஞ்சரை மறுபடி அப்லோட் செய்ததும் லாஞ்சருக்குப் பதில் முதல் ஆப் எழுந்து வரும். எஸ்பிடூலின் (கணினியிலிருந்து ஃபிளாஷை எழுதவும் அழிக்கவும் உதவும் கருவி) இரேஸ் ரீஜன் கட்டளைக்கு 57344, 8192 என்ற இரண்டு எண்களைக் கொடுத்து அந்தப் பகுதியை அழித்தால் சரியாகிவிடும். மெனுவில் வேறு பங்கீடு தேர்வாகியிருந்தால் ஐடிஇ காட்டும் அதிகபட்ச அளவை நம்பாதீர்கள். லாஞ்சர் 4,58,752 பைட்டுக்குள் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். லாஞ்சரில் வைஃபை சேர்க்காவிட்டால் தாராளமாக அடங்கும்.

ஆப்களை ஒருபோதும் ஐடிஇயின் அப்லோட் பட்டனால் ஏற்றாதீர்கள். அது பார்ட்டிஷன் டேபிளையே மாற்றி, லாஞ்சரின் மேலேயே எழுதிவிடும். கம்பைல் செய்த பைனரியை எக்ஸ்போர்ட் செய்து, எஸ்பிடூலின் ரைட் ஃபிளாஷ் கட்டளையால் எழுதுங்கள். முகவரிகள் பதின்ம எண்ணிலேயே செல்லும்: ஓடிஏ-0-க்கு 524288, ஓடிஏ-1-க்கு 1703936, ஓடிஏ-2-க்கு 2883584. மெர்ஜ்ட் என்று பெயர் கொண்ட ஃபைலை எடுக்காதீர்கள். அதில் பூட்லோடரும் டேபிளும் சேர்ந்திருக்கும், ஸ்லாட்டில் பூட் ஆகாது. பைனரி 11,79,648 பைட்டைத் தாண்டினால் எஸ்பிடூல் எச்சரிக்காது, அடுத்த ஸ்லாட்டின் தலையை அழித்துவிட்டுப் போகும்.

ஒரே பைனரியை எந்த ஸ்லாட்டிலும் வைக்கலாம். ஃபிளாஷை எம்எம்யூ (முகவரிகளை மாற்றிக் காட்டும் சிப் பகுதி) வழியாக எப்போதும் ஒரே முகவரியில் காட்டுவதால் கோடுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிய வேண்டியதில்லை. எஸ்டிஎம்32 என்ற வேறு மைக்ரோகன்ட்ரோலர் வகையில் பொதுவாக இந்தச் சலுகை இல்லை: ஒவ்வொரு இடத்துக்கும் லிங்கர் ஸ்கிரிப்டை (கோடு எந்த முகவரியில் அமர வேண்டும் என்று சொல்லும் ஃபைல்) மாற்றி பில்ட் செய்து, வெக்டர் டேபிளையும் (இன்டரப்ட் முகவரிப் பட்டியல்) நகர்த்த வேண்டும்.

லாஞ்சரின் வேலை குறைவு. தேர்ந்தெடுத்த ஸ்லாட்டை பார்ட்டிஷன் ஃபைண்ட் ஃபர்ஸ்ட் ஃபங்க்ஷனால் பிடித்து, ஓடிஏ செட் பூட் பார்ட்டிஷனுக்குக் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். காலி ஸ்லாட்டாக இருந்தால் செட் பூட் பிழை திருப்பும். அந்த மதிப்பைப் பார்த்து "காலி" என்று திரையில் காட்டுங்கள். ஆப்பின் பெயரை பைனரியிலிருந்து படிக்க முயலாதீர்கள். அர்டுயினோவில் கட்டியவை ஒரே பொதுப் பெயரைத்தான் காட்டும். லாஞ்சரிலேயே ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

கவனம் முழுக்கத் தேவைப்படும் இடம் திரும்பி வருவது. ஒவ்வொரு ஆப்பின் செட்டப்பிலும் முதல் வரியிலேயே செட் பூட்டுக்கு ஃபேக்டரி பகுதியைக் கொடுங்கள். அது ஓடிஏ-டேட்டாவை அழித்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் ஆப்புக்கு ஒன்றும் ஆகாது. அதன்பின் ரீசெட் பட்டனை அழுத்தினாலும், ஆப் கிராஷ் ஆனாலும் மெனுவுக்கே வருவீர்கள். வைஃபை தொடங்கிய பிறகு இந்த வரியை வைத்தால், அதற்கு முன்பே கிராஷ் ஆகும் ஆப் தன்னைத்தானே திரும்பத் திரும்ப பூட் செய்துகொண்டிருக்கும். அப்போது மீட்பதும் அதே இரேஸ் ரீஜன் கட்டளைதான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் செக்டர் அழிப்பு நடக்கிறது என்றாலும், ஃபிளாஷ் பொதுவாக 1,00,000 அழிப்புகளைத் தாங்கும் என்பதால் பட்டன் பயன்பாட்டுக்குக் கவலை இல்லை.

டீப் ஸ்லீப் போகும் ஆப்பில் மட்டும் இந்த ஏற்பாடு இடிக்கும். விழிப்பதும் பூட்லோடர் வழியாகவே என்பதால் சென்சார் ஆப் தூங்கி எழும்போது மெனு வந்து நிற்கும். தூங்கும் முன் கெட் ரன்னிங் பார்ட்டிஷனில் கிடைப்பதை செட் பூட்டுக்குக் கொடுத்துவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள்.

என்விஎஸ் மூன்று ஆப்புக்கும் பொது. நேம்ஸ்பேஸ் (செட்டிங்குகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் தொகுப்பு) பெயரை ஆப்புக்கு ஒன்றாக, 15 எழுத்துக்குள் வையுங்கள். உதாரண கோடுகளில் என்விஎஸ் தொடக்கம் தவறினால் முழுப் பகுதியையும் அழிக்கும் வரி ஒன்று இருக்கும். வெவ்வேறு வெர்ஷனில் கட்டிய ஆப்கள் ஒன்றாக இருக்கும் போர்டில் அந்த வரி மற்ற இரண்டு ஆப்களின் செட்டிங்கையும் சேர்த்துத் துடைத்துவிடும். அதை எடுத்துவிட்டு, பிழையைத் திரையில் காட்டி நிறுத்துங்கள்.