டவுன் சிண்ட்ரோம் பரிசோதனை: அறிக்கையை வாசித்து அடுத்த அடியை முடிவு செய்வது எப்படி?

முன்பெல்லாம் தாய்க்கு 35 வயது தாண்டியிருந்தால் மட்டுமே, 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் பிறவிநிலையான டவுன் சிண்ட்ரோம் பற்றிய பேச்சு எழும். உடனே பனிக்குட நீரை ஊசி மூலம் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். பிரசவங்களில் பெரும்பகுதி இளவயதிலேயே நிகழ்வதால், இக்குழந்தைகளில் பெரும்பாலோர் 35க்குக் குறைந்த தாய்மார்களுக்குத்தான் பிறக்கிறார்கள் என்பதை அந்த வரம்பு கண்டுகொள்ளவே இல்லை. வயது எதுவானாலும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை வாய்ப்பை அளிக்க வேண்டும் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2007இல் பரிந்துரைத்தது. இந்தியாவிலும் இன்று அதுவே நடைமுறை.

பரிசோதனைக்குச் செல்லும் முன், முடிவு எப்படி வந்தாலும் என்ன செய்வோம் என்பதைக் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது நல்லது. வேண்டாம் என்று மறுக்கவும் கர்ப்பிணிக்கு முழு உரிமை உண்டு.

வேண்டும் என்றால் நாள் கணக்கு முக்கியம். கருவின் நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது, அதாவது 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை, கழுத்தின் பின்புறத் திரவத்தை அளக்கும் என்.டி. ஸ்கேனும் டபுள் மார்க்கர் இரத்தப் பரிசோதனையும் செய்யப்பட வேண்டும். இரண்டையும் தாயின் வயதோடு சேர்த்துக் கணித்தால்தான் பாதிப்புள்ள கருக்களில் 85 முதல் 90 விழுக்காடு வரை பிடிபடும். இரத்த முடிவை மட்டும் தனியே கணித்துத் தந்திருந்தால், ஸ்கேன் அளவையும் சேர்த்த கூட்டுக் கணிப்பைக் கேட்டு வாங்குங்கள். இந்தக் காலத்தைத் தவறவிட்டவர்களுக்கு, 15ஆம் வாரத்திற்குப் பிறகு, இரத்தத்தில் நான்கு பொருள்களை அளக்கும் குவாட்ரூபிள் பரிசோதனை உண்டு. மூன்றை மட்டும் அளக்கும் பழைய டிரிபிள் பரிசோதனையை இனி ஏற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அறிக்கையில் 1:180 என்றிருந்தால், இதே நிலையிலுள்ள 180 பேரில் ஒருவருடைய கருவுக்குப் பாதிப்பு இருக்கலாம், மற்ற 179 பேருக்கு இல்லை என்று பொருள். பல ஆய்வகங்கள் 1:250ஐ எல்லையாகக் கொள்கின்றன. இங்கிலாந்தில் அது 1:150. ஆகவே 1:180 என்று வந்து இங்கே 'ஹை ரிஸ்க்' எனப்படுபவர் அங்கே 'லோ ரிஸ்க்' ஆகிவிடுவார். சிவப்பு எழுத்தைப் பார்த்துக் கலங்காமல் எண்ணைப் பாருங்கள். பிறந்த தேதி, எடை, ஸ்கேன் தேதி, இரட்டைக் கருவா, ஐ.வி.எஃப். கர்ப்பமா என்ற விவரங்களில் ஒன்று பிழையானாலும் கணிப்பு மாறும். தானமாகப் பெற்ற கருமுட்டை என்றால், கொடுத்தவரின் வயதையே கணக்கில் கொள்ள வேண்டும்.

பெரிய மாற்றம், தாயின் இரத்தத்திலுள்ள கருவின் டி.என்.ஏ.வை ஆராயும் என்.ஐ.பி.டி. பரிசோதனை வந்த பிறகு நேர்ந்தது. தாயின் இரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. மிதப்பதை டென்னிஸ் லோ குழுவினர் 1997இல் காட்டினார்கள். 2011 முதல் அது வணிகப் பரிசோதனையாகக் கிடைக்கிறது. 10ஆம் வாரத்திலிருந்து செய்யலாம். 99 விழுக்காடு பாதிப்பைக் கண்டுபிடிக்கும் என்பதைக் கேட்டு, அதையே இறுதித் தீர்ப்பாகக் கொள்வோர் பலர். பாதிப்பு ஆயிரத்தில் ஒன்றாக இருக்கும் இளம் தாய்மார்கள் 10,000 பேரை எடுத்துக்கொள்வோம். உண்மையில் பாதிப்புள்ள 10 பேரும் பிடிபடுவார்கள். ஆயிரத்தில் ஒருவருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வந்தாலும் அப்படி இன்னொரு 10 பேர் சேர்ந்துவிடுவார்கள். அதாவது பாசிட்டிவ் என்று சொல்லப்பட்டவர்களில் பாதிப் பேருக்குப் பாதிப்பே இல்லை. அந்த டி.என்.ஏ. உண்மையில் நஞ்சுக்கொடியிலிருந்து வருவதே இதற்கு ஒரு காரணம். தாயின் எடை கூடுதலாக இருந்தால் கருவின் டி.என்.ஏ. அளவு போதாமல் முடிவே வராமல் போவதும் உண்டு. என்.ஐ.பி.டி. செய்தாலும் என்.டி. ஸ்கேனை விடக்கூடாது, அதில் 3.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், நேராக உறுதிப் பரிசோதனைக்குச் செல்வதே முறை.

உறுதி செய்ய, 11 முதல் 14 வாரத்திற்குள் நஞ்சுக்கொடியின் திசுவையோ, 15 வாரம் முடிந்தபின் பனிக்குட நீரையோ ஊசியால் எடுக்கிறார்கள். நூற்றில் ஒன்று கருச்சிதைவாகும் என்று முன்பு சொன்னார்கள். அனுபவமுள்ள கைகளில் அது அதைவிடக் குறைவு என்பதே இப்போதைய மதிப்பீடு. விரைவு முடிவு சில நாளிலும், முழு குரோமோசோம் அறிக்கை இரண்டு மூன்று வாரத்திலும் வரும். இந்தக் கட்டங்கள் எதிலும் பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

முடிவு உறுதியானால் மரபியல் ஆலோசகரையும் குழந்தை மருத்துவரையும் சந்தித்து, கருவின் இதயத்தைத் தனியே ஸ்கேன் செய்து பாருங்கள். இக்குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும், அவற்றில் பலவற்றை அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம். கர்ப்பத்தைத் தொடர வேண்டாம் என முடிவெடுப்பவர்களுக்கு, கருக்கலைப்புச் சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 24 வாரத்திற்குப் பிறகு மருத்துவ வாரியத்தின் அனுமதி தேவைப்படும் என்பதால், ஒவ்வொரு அறிக்கையும் எந்தத் தேதியில் கிடைக்கும் என்பதை மாதிரி கொடுக்கும் அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.